பழைய காதல் மீண்டும் எழும்போது கலியாண எதிர்பார்ப்பு என்ன செய்கிறது?

இலங்கையின் கிழக்கில் ஆரையம்பதி முதல் திருக்கோவில் வரையுள்ள கரையோரத் தமிழ் ஊர்களில் கலியாணப் பேச்சுத் தொடங்கியதுமே வீட்டைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். குடிவழி தாயூடாக வரும் இப்பகுதியில், மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் எழுதிக் கொடுப்பதும் மணமகன் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் நெடுநாள் வழமை. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே இங்கே விரும்பிப் பழகிய இருவர் பிரிவதற்கு மனக்கசப்புத்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூத்தவளுக்குக் கட்டிய வீட்டோடு கையிருப்புத் தீர்ந்து, இளையவளின் வீடு சீமெந்துக் கல்லில் எழும்பி கதவு, யன்னல்களின் மேல்விளிம்பான லிண்டல் மட்டத்தோடு நின்றுபோனால், அவளுடைய காதலும் அந்த இடத்திலேயே நின்றுவிடக்கூடும்.

அப்படிப் பிரிந்த ஒரு சோடியை எண்ணிப் பார்ப்போம். அவர் சில வருடங்கள் கட்டாரில் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறார். அவளுக்கு இன்னும் கலியாணம் சரிவரவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போன இடத்தில் இருவரும் மீண்டும் பேசிக்கொள்கிறார்கள். பழைய விருப்பம் அவ்வளவு விரைவாகத் திரும்புவதற்கு நினைவின் இயல்பே முதற்காரணம். கடந்துபோன சம்பவங்களில் கசப்பானவற்றோடு ஒட்டியிருந்த உணர்ச்சி, இனிமையானவற்றோடு ஒட்டியிருந்த உணர்ச்சியைவிட வேகமாக மங்கிவிடுகிறது என்பதை வோக்கர், ஸ்கொரோன்ஸ்கி, தொம்சன் ஆகிய உளவியலாளர்கள் 2003ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினர். சண்டை நடந்தது நினைவிருக்கும். அன்று நெஞ்சை அடைத்த கோபம் இராது. கல்லடிப் பாலத்தில் நின்று கதைத்த மாலையின் இதம் மட்டும் பெரிய தேய்வின்றி எஞ்சியிருக்கும். இது பொய்யான நினைவு அன்று, வாழ்க்கையைத் தாங்கிக்கொள்ள மனம் செய்துகொள்ளும் ஏற்பாடு; ஆனால் பிரிந்ததற்கான காரணம் தீர்ந்துவிட்டதா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இந்த இடத்தில்தான் கலியாண எதிர்பார்ப்பு உள்ளே வருகிறது. ஓர் உறவின் மீதுள்ள பிடிப்பை, அதில் கிடைக்கும் நிறைவு, வேறு வழிகள் இருப்பதாகத் தோன்றும் அளவு, ஏற்கெனவே அதில் செலுத்தியவை ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று உளவியலாளர் கரில் ரஸ்பல்ட் 1980ஆம் ஆண்டில் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி கூறுகிறது. “வயது ஏறுது, தங்கச்சியும் காத்திருக்கிறாள்” என்று வீட்டில் சொல்லும் ஒவ்வொரு முறையும் வேறு வழிகள் சுருங்குவதாகத் தோன்றுகிறது, பழைய காதலுக்குக் கொடுத்த வருடங்களின் மதிப்போ கூடுகிறது. நிறைவு துளியும் கூடாமலே பிடிப்பு இறுகிவிடும். தனித்துப் போய்விடுவோமோ என்ற அச்சம் மிகுந்தவர்கள் தமக்குக் குறைவாகவே தரும் உறவுக்கும் உடன்படுகிறார்கள் என்று ஸ்டெபனி ஸ்பீல்மனும் அவருடைய குழுவினரும் 2013இல் கண்டதும் இதனோடு பொருந்துகிறது. இதில் நான் பெண்களுக்காகவே அதிகம் வருந்துகிறேன், ஏனெனில் வயதைச் சொல்லி அவசரப்படுத்தும் குரல் ஆண்களை அந்த அளவுக்குத் துரத்துவதில்லை.

பெற்றோரின் எதிர்ப்புக் காதலை வளர்க்கும் என்ற நம்பிக்கைக்கு 1972ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்று ஆதரவாக இருந்தது. 2014இல் அதைத் திரும்பச் செய்தபோது அவ்விளைவு கிடைக்கவில்லை. சுற்றத்தாரின் ஆதரவு உள்ள உறவுகளே நன்றாக இருந்தன. மட்டக்களப்பில் இதற்குத் தனி அழுத்தம் உண்டு. மாமியார் பெரும்பாலும் அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இருப்பார் என்பதால், முன்பு மறுத்த அவருடைய சம்மதம் மருமகனின் அன்றாட வாழ்வைத் தொடும் ஒன்றாகிவிடுகிறது.

இருவரும் மறுபடி பழகுகிறார்கள் என்று தெரிந்தவுடன் பெரியவர்கள் எழுத்துக்கு, அதாவது கலியாணப் பதிவுக்கு, நாள் பார்க்கத் தொடங்குவது நல்லெண்ணத்தால்தான். எனினும், தெளிவாக முடிவெடுக்காமல் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு வழுக்கிச் செல்லும் உறவுகள் பற்றி ஸ்கொட் ஸ்டான்லி, கலேனா ரோட்ஸ், ஹோவர்ட் மார்க்மன் ஆகியோர் 2006இல் எழுதியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். அவர்கள் ஆராய்ந்தது அமெரிக்காவில் மணமாகுமுன் சேர்ந்து வாழ்பவர்களை; இங்கே அந்த வழுக்கலைச் செய்வது பாதியில் நின்ற வீடு. கட்டார்ப் பணத்தில் பூச்சு வேலை தொடங்கிவிட்டால், “எனக்கு இன்னும் யோசிக்க வேண்டும்” என்று சொல்வது இருவருக்குமே கடினமாகிவிடுகிறது.

பிரிந்து சேரும் உறவுகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ரெனே டெய்லியின் ஆய்வுகளில், பிரிந்த காரணத்தை வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொண்டு இணைந்தவர்கள் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தனர். எங்கள் ஊர்களில் பேச்சுக்குக் குறைவே இல்லை. காணி உறுதி யார் பெயரில், நகை எத்தனை பவுண், கடன் யார் பொறுப்பு என்று எல்லாம் பேசப்படும். ஆனால் அவற்றைப் பேசுவோர் மாமன்மாரும் பெரியப்பாமாருமே. அன்று வீடு முடியவில்லை என்று என் தாய் மறுத்தபோது நீ ஏன் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாய் என்று அவள் அவரிடம் கேட்பதற்கும், அதற்கு அவர் பதில் சொல்வதற்கும், அந்தப் பேச்சில் இடம் ஒதுக்கப்படுவதில்லை.