பெட்டி மூடியில் கார்ப்பெட் ஒட்டும் முன்

பழைய காரைப் புதுப்பிக்கக் கொண்டுவருபவர்கள் இருக்கை உறையைப் பற்றியும் கூரைத் துணியைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். இருக்கைக்குப் பின்னால் இருக்கும் சாமான் பெட்டிகளின் மூடிகளைப் பற்றிய பேச்சே எழாது. "அதன் மேல் ஒரு கார்ப்பெட்டை ஒட்டிவிடுங்கள்" என்பதோடு சரி. சென்னையில் இதே தொழிலில் இருப்பவன் என்ற உரிமையில் கேட்டுக்கொள்கிறேன்: பழையதன் மேலேயே புதியதை ஒட்ட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

முதல் காரணம் ஈரம். பல வண்டிகளில் மூடி என்பது பிளைவுட் அல்லது ஹார்ட்போர்டு. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற வண்டிகள் இந்த ஊரில் ஏராளம். வெளியே காய்ந்து தெரியும் மூடியை உரித்துப் பார்த்தால் பலகை உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கும். அதில் கீலின் ஸ்க்ரூ எப்படிப் பிடிக்கும்? பலகையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். உரித்த பழைய கார்ப்பெட்டைத் தூக்கி எறியாதீர்கள். புதியதை வெட்ட அதைவிட நல்ல அளவு கிடைக்காது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மூடிக்கு அடியில் இருக்கும் பேட்டரி. 1968 மாடலாக வந்த மூன்றாம் தலைமுறை செவர்லே கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள மூடியின் கீழ் பேட்டரி இருக்கிறது. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் அது பின் இருக்கையின் அடியில். இருக்கையின் ஸ்பிரிங் அழுந்தி பேட்டரி முனைகளைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். மேலே இருக்கும் நார்த் திணிப்பு பற்றிக்கொள்ளும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வெளியேறும். எனவே அந்த இடத்தில் மின் காப்பு உறை கட்டாயம் வேண்டும். காற்றுப் போகும் வழியைக் கார்ப்பெட்டால் அடைக்கவே கூடாது. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

தடிமனில் ஆசைப்பட வேண்டாம். பழையதைவிடத் தடிமனான கார்ப்பெட்டை ஒட்டினால் மூடி சட்டத்தில் உட்காராது. அழுத்தி அழுத்தி மூடுவதில் கீல் வளையும், பூட்டு தேயும். ஓரத்தில் மடித்து ஒட்டும்போது அந்தத் தடிமன் இன்னும் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பக்கத்துப் பக்கத்து மூடிகளில் கார்ப்பெட்டின் இழை ஒரே திசையில் படிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே துணி வெயிலில் இரண்டு நிறமாகத் தெரியும்.

பசைக்கு வருகிறேன். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. வெப்பம் தாங்கும் ரப்பர் பசையே சரி. மே மாத வெயிலில் கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். பசையை இரண்டு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே சேர்த்து அழுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தள்ளிப் போடுவேன். பசையின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படியும், பிடிப்பு போய்விடும். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும், தலையையும் சுற்ற வைக்கும். மூடியைக் கழற்றி வெளியே வைத்து ஒட்டுங்கள். வாசனை முழுவதும் போன பிறகே வண்டியில் பொருத்துங்கள்.