அரை லிட்டர் ஆயில் குறைந்தால் என்ன ஆகும்?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, போன மாசம் 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வீட்டுக்கு வந்து ஆயில் அளவு காட்டுற குச்சியை, அதான் கேஜை, இழுத்துப் பார்த்தா கீழ்க்கோட்டுக்கும் கீழ இருக்கு, நிறமும் கன்னங்கரேல்னு இருக்கு. மெக்கானிக் அரை லிட்டர் ஊத்திட்டு, மாசாமாசம் பாருங்கன்னு சொல்லிட்டார். என்ஜின் போயிடுச்சா? அரை லிட்டர் குறைஞ்சா அப்படி என்னதான் ஆயிடும்?"

இதை வைத்து மட்டும் என்ஜின் போய்விட்டது என்று சொல்ல முடியாது, தைரியமாக இருங்கள். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை அப்படியே விட எனக்கு மனமில்லை. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் 1880களின் இங்கிலாந்து வரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

தெரிந்த கதையை முதலில் வேகமாக முடித்துவிடலாம். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரிகின்றன, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, கனெக்டிங் ராட் அந்தத் தள்ளலைக் கிராங்க் ஷாஃப்டுக்குக் கொண்டுபோகிறது, அது சுற்றுகிறது, வண்டி ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்ததுதான். அந்தப் படத்தில் நாம் குறிக்காமல் விட்ட ஓர் இடம் இருக்கிறது: கனெக்டிங் ராட் கிராங்க் ஷாஃப்டைக் கட்டிப்பிடித்திருக்கும் இடம். அங்கே குண்டு வைத்த பேரிங் கிடையாது. மெல்லிய தகட்டால் ஆன இரண்டு அரைவட்ட ஓடுகள், நடுவில் கண்ணாடி போல மழமழவென்று தேய்த்த ஷாஃப்ட், அவ்வளவுதான். மெக்கானிக்குகள் ஷெல் பேரிங் என்பார்கள்.

இந்த ஓட்டின் மேல் விழும் சுமையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்கும்போது எரியும் வாயுவின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 50 மடங்கு வரை சுலபமாகப் போகும். பெருக்கினால் கிட்டத்தட்ட 2 டன். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் என்ஜினில் இந்த அடி ஒவ்வொரு பிஸ்டனிலும் நொடிக்கு 25 முறை விழுகிறது, அதே நேரத்தில் ஷாஃப்டின் மேற்பரப்பு ஓட்டுக்குள் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு உலோகமும் நேராக உரசினால் சில நொடிகளிலேயே சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்று சொல்கிறோமே, பெரும்பாலும் இதுதான்.

ஆனால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய என்ஜினைப் பிரித்தாலும் அந்த ஓடுகள் பல நேரம் புதுசு போலவே இருக்கின்றன. ஏனென்றால் ஓடும்போது ஷாஃப்ட் ஓட்டைத் தொடுவதே இல்லை. மிதக்கிறது.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர் பீச்சம்ப் டவர் என்ற ஆங்கிலேய எஞ்சினியர். ரயில் பெட்டிகளின் அச்சு பேரிங்கில் உராய்வு எவ்வளவு என்று அளந்து சொல்லும்படி அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கம் அவரிடம் வேலை கொடுத்திருந்தது, முதல் அறிக்கை 1883இல் வந்தது. சுழலும் அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் முங்கியிருக்கும், பேரிங் அதன் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும். சோதனைக்கு நடுவில் எண்ணெய் விடுவதற்காக அந்தத் தொப்பியின் உச்சியில் ஒரு துளை போட்டார் டவர். அச்சைச் சுழற்றியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே கிளம்பி வழிந்தது. சரி, அடைத்துவிடலாம் என்று தக்கை வைத்தார், தக்கை வெளியே வந்துவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதுவும் மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டது. கடைசியில் அழுத்தமானியை மாட்டினார். பேரிங் மேல் அவர் வைத்த சுமை சராசரியாக ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, மானியின் முள்ளோ 200ஐத் தாண்டிப் போனது. அங்கே பம்பு எதுவும் கிடையாது. சும்மா ஒரு தொட்டி எண்ணெயும் சுழலும் அச்சும்தான். அப்படியானால் அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது?

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதற்குக் கணக்கு எழுதினார். எனக்குப் படிக்கப் படிக்கச் சலிக்காத இயற்பியல் இது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

ஷாஃப்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். சுமை அழுத்துவதால் ஷாஃப்ட் சரியாக நடுவில் நிற்காது, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அதனால் சுற்றிலும் உள்ள இடைவெளி ஒரே அளவில் இல்லாமல், ஓரிடத்தில் அகலமாகத் தொடங்கிப் போகப்போகக் குறுகி, ஓரிடத்தில் ஒன்றிரண்டு மைக்ரான் வரைக்கும் ஒடுங்கிவிடும் (தலைமுடி 70 மைக்ரான் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்). இப்போது எண்ணெயைப் பாருங்கள். உலோகத்தை ஒட்டியிருக்கும் எண்ணெய் அடுக்கு அந்த உலோகத்தோடு அப்படியே போகும், வழுக்காது. அந்த அடுக்கு தனக்கு அடுத்த அடுக்கை இழுக்கும், அது அதற்கடுத்ததை இழுக்கும். ஆக, சுழலும் ஷாஃப்ட் எண்ணெயை அகலமான வாயிலிருந்து அந்தக் குறுகலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

தைப்பூசத்துக்குப் பழனியில் தடுப்புக்கட்டைகளுக்கு நடுவே நின்றிருக்கிறீர்களா? பாதை குறுகும் இடத்தில் பின்னால் இருந்து கூட்டம் வந்துகொண்டே இருக்கும், முன்னால் போக வழி கொஞ்சம்தான், பக்கவாட்டில் ஒதுங்கவும் இடமில்லை. மிகவும் நெரிசலான இடம் அந்த வாசல் அல்ல, அதற்குச் சற்று முன்னால்தான் மூச்சு முட்டும், கட்டைகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கும். எண்ணெயும் அப்படித்தான். நசுக்கிச் சுருக்க முடியாத திரவம், பக்கவாட்டில் தப்பிக்கப் பார்த்தால் அதன் பாகுத்தன்மையே விடாமல் பிடித்துக்கொள்கிறது. வேறு வழியின்றி அழுத்தம் ஏறுகிறது, ஷாஃப்டைத் தூக்குகிறது. தன்னைத் தூக்கி நிறுத்தும் அழுத்தத்தைச் சுழலும் ஷாஃப்டே உண்டாக்கிக்கொள்கிறது! கார் என்ஜினில் ஆயில் பம்பு கொடுப்பது காற்றழுத்தத்தைப் போல மூன்று நான்கு மடங்குதான், அது எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலைக்கு. அந்தக் குறுகலுக்குள் பிறக்கும் அழுத்தம் அதைப்போல நூறு மடங்கு வரைக்கும் போகும்.

கனமழையில் ஹைவேயில் வேகமாகப் போகும்போது டயர் ரோட்டை விட்டு நீர்மேல் எழும்பி ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் போகும் பாருங்கள், அதுவும் ஏறக்குறைய இதே கூத்துதான். ரோட்டில் நம்மைக் கொல்லக்கூடியது என்ஜினுக்குள் நம்மைக் காப்பாற்றுகிறது.

டவருக்குக் கொடுத்த வேலை ராக்கெட் விடுவதல்ல, அச்சு எவ்வளவு உரசுகிறது என்று அளப்பது. இன்றைக்கு ஒரு மாணவர் அப்படி ஒரு திட்டத்தை எழுதிக்கொடுத்தால் நம் ஊரில் எத்தனை குழு காசு கொடுக்கும்? ஒரு பயணிகள் காரில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்ஜின், கியர், டயர், பிரேக் என்று எல்லா இடத்திலும் உராய்வைச் சமாளிக்கவே போகிறது. எண்ணெயையும் உராய்வையும் படிக்கிறவர்களுக்கு நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும், கொடுத்த காசு பெட்ரோல் பில்லிலேயே திரும்பி வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, வாசகரின் அரை லிட்டருக்கு வருவோம். சின்ன கார்களில் மொத்தமே 3 லிட்டர் போலத்தான் ஆயில் பிடிக்கும். கேஜில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் பல கார்களில் ஒரு லிட்டருக்குள் இருக்கும். கீழ்க்கோடு வரைக்கும் பம்பின் உறிஞ்சுவாய் ஆயிலுக்குள் முங்கியே இருக்கும்படி வடிவமைத்திருப்பார்கள். அதற்கும் கீழே போய்விட்டால் சமதரையில் ஒன்றும் தெரியாது, வண்டி நன்றாகத்தான் ஓடும். கொல்லிமலைக்கு ஏறுகிறீர்கள் என்று வையுங்கள், 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் சேம்பரில் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கும், உறிஞ்சுவாய் ஒரு நொடி காற்றைக் குடிக்கும். காற்று நசுங்கிக் கொடுக்கும், அதற்குப் பாகுத்தன்மையும் கிடையாது என்றே சொல்லலாம். நெரிசலை உண்டாக்கக் கூட்டமே இல்லை. ஷாஃப்ட் ஓட்டின் மேல் உட்காரும். டாஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி போல ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரிகிறது என்றால் அளவு எப்போதோ குறைந்திருக்கலாம். ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீர்கள், அங்கேயே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள்.

பார்க்கும் முறை எளிது. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு அணைத்து, ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள், மேலே தலைப்பகுதியில் ஒட்டியிருக்கும் ஆயில் கீழே இறங்கிச் சேர வேண்டும் (சில மாடல்களில் குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், கையேட்டைப் பாருங்கள்). கேஜை இழுத்ததும் தெரிவதை நம்பாதீர்கள், ஓடும்போது தெறித்த ஆயில் தாறுமாறாக ஒட்டியிருக்கும். பனியன் வேஸ்டால் துடைத்து, கடைசி வரை செருகி, மறுபடி இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பார்த்து, எது குறைவாகக் காட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆயில் தேன் நிறத்தில் இருந்தால் கோடு கண்ணுக்கே தெரியாது, கேஜை வெளிச்சத்துக்குச் சாய்த்தால் ஈரம் முடியும் இடம் மினுங்கும்.

குறைந்திருந்தால் 200 மில்லி ஊற்றுங்கள், பொறுங்கள், மறுபடி பாருங்கள். ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். மேல்கோட்டைத் தாண்டி நிறைய ஊற்றிவிட்டால் கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைத் தயிர் கடைவது போலக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரை என்றால் காற்று. குறைவாக ஊற்றினாலும் காற்று, கூடுதலாக ஊற்றினாலும் காற்று.

கறுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். எரிப்பில் வரும் கரியைத் துகள் துகளாகப் பிடித்துத் தன்னுள் மிதக்க வைப்பதற்கென்றே ஆயிலில் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள், கறுத்தது என்றால் அது வேலை செய்கிறது. விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பாருங்கள். மணல் போல நெருடினாலோ, பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோதான் கவலை. பால் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது: வண்டி சின்னச் சின்ன தூரமே ஓடி உள்ளே ஈரம் கோத்ததாக இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம், வெள்ளத்தில் நின்ற வண்டியாகவும் இருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் முங்கின என்று நமக்குத் தெரியும்.

என் முதல் செகண்ட் ஹேண்ட் காரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய அன்று என்ஜின் பூ மாதிரி ஓடியது. ஆயில் மாற்றிக் கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயிலை ஊற்றியதும் டொக் டொக் என்று சத்தம். விற்றவர் கெட்டியான 20டபிள்யூ-50ஐ ஊற்றி, தேய்ந்த பேரிங்கின் சத்தத்தை மறைத்திருந்தார். அகன்றுபோன இடைவெளியிலிருந்து கெட்டி எண்ணெய் சீக்கிரம் தப்பிக்காது, அதனால் கொஞ்ச காலம் தாங்கும். ரெனால்ட்ஸின் கணக்கை நன்றாகத் தெரிந்தவர் செய்த ஏமாற்று வேலை. அதனால் எந்த கிரேடு ஊற்றியிருக்கிறது என்று கேளுங்கள், ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். வாங்கும்போது நம்பரைக் கூட்டிப் பார்த்து எட்டு வந்தால் வேண்டாம் என்று திரும்புகிற பலர் பானெட்டைத் திறந்து கேஜை இழுத்துப் பார்ப்பதில்லை, அப்புறம் என்ஜின் சீஸ் ஆனதும் ராசியில்லாத வண்டி என்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வேதனை தருகிறது. அந்தப் பணம் பலருக்கு வருடக்கணக்கில் சேர்த்த பணம்.

ஈரோட்டு நண்பரே, உங்கள் ஆயில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைத் தாண்டியோ, வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் சீல் வழியாகவோ கொஞ்சம் எரிந்துகொண்டிருக்கலாம், வெளியே ஒழுகவும் செய்யலாம். இரவு நிறுத்தும் இடத்தில் ஓர் அட்டையை விரித்துவைத்துக் காலையில் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்து அப்புறம் நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். முந்தைய ஓனர் மாதக்கணக்கில் பார்க்காமலே விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்படியானால் பிரச்சினையே இல்லை. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்புதான் என்று கையேட்டிலேயே எழுதும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு மேல்கோடு வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். 1000 ஓடியதும் எத்தனை மில்லி ஊற்ற வேண்டியிருந்தது என்று எனக்கு எழுதுங்கள், ரிங்கா சீலா என்று அப்போது பேசுவோம்.