பனி ஆந்தை: வெட்டவெளியில் ஒரு கூடு

பனி ஆந்தை குஞ்சு பொரிக்கும் ஆர்க்டிக் தூந்திராவில் மரமே கிடையாது. கோடையில் சூரியனும் மறைவதில்லை. அதனால் இந்த ஆந்தை பகலிலும் வேட்டையாடும். முட்டையைத் தரையில்தான் இடும்.

அதற்காக எந்தத் தரையும் சரிப்படாது. காற்று பனியை வாரிக்கொண்டு போய்விட்ட ஒரு மேடாகப் பார்த்து, பெண் ஆந்தை நகத்தால் மண்ணைச் சுரண்டும். பிறகு உடம்பை அழுத்தி ஒரு சிறு குழி செய்யும். கூடு அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள வழியில்லை, ஆனால் அங்கிருந்து பார்த்தால் நாலாபுறமும் வெகுதூரம் தெரியும். நரி கிட்டே வரும் முன்பே கண்ணில் பட்டுவிடும்.

எத்தனை முட்டை என்பதை முடிவு செய்வது லெம்மிங். ஆந்தையின் முக்கிய இரையான, எலியைப் போன்ற இந்தச் சிறு பிராணியின் எண்ணிக்கை பல இடங்களில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கச்சக்கமாகப் பெருகும், பிறகு சரியும். பெருகிய ஆண்டில் ஒரே கூட்டில் 11 முட்டைகள்கூட இருக்கும். லெம்மிங் அற்றுப்போன ஆண்டில் ஆந்தை முட்டையே இடாது.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் வியப்பான விஷயம் குஞ்சுகளின் வயது வித்தியாசம். முட்டைகள் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒன்றாக வருகின்றன. தாய் முதல் முட்டையிலேயே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஒரு முட்டை பொரிய 32 நாட்கள் போல ஆகும். ஒன்பது முட்டை என்றால் மூத்ததற்கும் கடைசிக்கும் பதினாறு நாள் இடைவெளி. மூத்தது ஓடத் தயாராகும்போது கடைசிக் குஞ்சு கண்கூடத் திறந்திருக்காது. இரை குறைந்தால் முதலில் பலியாவது அதுதான். கொடுமைதான், ஆனால் எல்லாக் குஞ்சுகளும் சேர்ந்து பட்டினி கிடந்து சாவதை அது தடுக்கிறது.

அடைகாப்பது தாய் மட்டும். அதன் உடம்பில் இருக்கும் கரும்பட்டைகள் பாதி உருகிய பனித்தரையோடு கலந்துவிடும். கிட்டத்தட்ட முழு வெள்ளையான ஆண் இரை கொண்டுவரும், காவலும் காக்கும். முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆர்க்டிக் நரியும் ஸ்குவா பறவைகளும்தான் பெரிய எதிரிகள். ஓநாயோ மனிதனோ நெருங்கினாலும் ஆண் பாய்ந்து வந்து நகத்தால் தாக்கும். சில இடங்களில் வாத்துகள் இந்தக் கூட்டின் அருகிலேயே முட்டையிடுவது இந்தக் காவலை நம்பித்தான்.

மூன்று வாரம் போல ஆனதும், பறக்கத் தெரியாத குஞ்சுகள் நடந்தே கூட்டைவிட்டுக் கிளம்பிப் பாசியிலும் கல்லிடுக்கிலும் தனித்தனியாகப் பதுங்கும். சாம்பல் நிறத் தூவி அவற்றை மறைத்துவிடும். நரி ஒன்றைக் கண்டுபிடித்தாலும் மற்றவை தப்பலாம்.

நரியைத் துரத்தும் ஆந்தையால் வெப்பத்தைத் துரத்த முடியாது. குளிர்காலத்தில் லெம்மிங் வாழ்வது பனிக்கு அடியில். பனி உருகி மறுபடி உறைந்தால் அங்கே இருக்கும் செடிகள் பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும், லெம்மிங்குக்குத் தீனி கிடைக்காது. வடகிழக்குக் கிரீன்லாந்தில் 2000ஆம் ஆண்டை ஒட்டி லெம்மிங் பெருக்கம் நின்றுபோக, ஆந்தைகளின் இனப்பெருக்கமும் அடியோடு சரிந்தது. 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தப் பறவையை 'அழிவாய்ப்புள்ள இனம்' என்று அறிவித்தது.

குளிர்காலத்தில் தெற்கே வருபவற்றுக்கு வேறு ஆபத்து. மரமில்லாத சமவெளியாக இருப்பதால் விமான நிலையங்களில் வந்து இறங்குகின்றன. பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் நார்மன் ஸ்மித் என்பவர் 1981 முதல் நூற்றுக்கணக்கான பனி ஆந்தைகளை வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு, ஓடுபாதைக்கு வெகு தொலைவில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.