மாமியின் எட்டு மணிக் குளிசை

வெள்ளவத்தையில் எங்கள் மாமி சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர். உடம்பின் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் குளிசையைக் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் போடுவார். இரத்தப் பரிசோதனை நாளில் மட்டும் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார். இரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்குவார். முந்தைய வேளை மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்காக. அளவு குறைந்தால் உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தாக்கும். கூடினால் மருந்தே அதைக் கெடுக்கும்.

தாக்குபவை டி கலங்கள் என்ற ஒரு வகை வெள்ளை இரத்தக் கலங்கள். நம் கலங்கள் ஏறக்குறைய எல்லாம் தமக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை எச்எல்ஏ என்ற மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும், அடையாள அட்டையை நீட்டுவது போல. மாமிக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் சொந்தத் தம்பி. கூடப் பிறந்தவர்களுக்குள்ளும் எச்எல்ஏ முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். 1954இல் பொஸ்டனில் முதன்முதலாக வெற்றி கண்ட சிறுநீரக மாற்று, ஒத்த இரட்டையருக்கு இடையில் நடந்தது.

அந்நிய அட்டையைக் கண்ட டி கலத்துக்குள் கல்சியம் ஏறும். அது கல்சினியூரின் என்ற நொதியை எழுப்பும். 'பெருகு' என்ற கட்டளை அதன் வழியாகத்தான் போகிறது. ஜப்பானிய மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவில் கண்டுபிடித்த டாக்ரோலிமஸ், அந்த நொதியை அடைத்துவிடுகிறது.

சரி, புற்றுநோய்க் கலங்களைத் தேடிக் கொல்வதும் இதே டி கலங்கள்தானே? அவற்றை அடக்கி வைப்பதால், உறுப்பு மாற்றியவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் போன்றவை வரும் ஆபத்து கூடுகிறது. எனக்கு இதுதான் மனதை அரிக்கும் விஷயம்.

டி கலத்தில் பிடி-1 என்றொரு பிரேக் உண்டு. பல புற்றுக்கட்டிகள் அதை அழுத்தித் தப்பிக்கின்றன. அந்தப் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளுக்கு வழி திறந்ததற்காகவே ஜப்பானிய ஆய்வாளர் ஹொஞ்சோவும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கர் அலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் பிரேக் எங்கும் ஒரே நேரத்தில் விடுபடுகிறது. சிறுநீரகம் மாற்றிய புற்றுநோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது, ஏறக்குறைய பத்தில் நான்கு பேரின் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை நிராகரித்தது.

கட்டியைத் தாக்கவும் வேண்டும், சிறுநீரகத்தைத் தாக்காமல் விடவும் வேண்டும். இதற்காக இரு துறை ஆய்வாளர்களும் ஒரே கருவியைக் கையில் எடுத்திருக்கிறார்கள்: டி கலத்தை வெளியே எடுத்து, குறித்த இலக்கை மட்டும் அடையாளம் காணும் ஏற்பியைப் பொருத்தித் திருப்பி ஏற்றுவது. இரத்தப் புற்றுநோய்க்கு இந்த முறை 2017இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உறுப்பு மாற்றில், தாக்குதலை அடக்கும் வகை டி கலங்களுக்கு அதே மாதிரியான ஏற்பியைப் பொருத்தி, கொடையாளியின் எச்எல்ஏயைத் தேடிப் போகச் செய்கிறார்கள். அவை சிறுநீரகத்தில் தங்கிக் காவல் இருந்தால் உடம்பு முழுவதையும் அடக்கத் தேவையில்லை. உள்ளே போன பிறகு அந்தக் கலங்கள் குணம் மாறி, தாங்களே தாக்கத் தொடங்கிவிடுமோ என்பதுதான் இப்போது கவனமாகப் பார்க்கப்படுகிறது.