எண்ணெயை விரட்டும் எண்ணெய்

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “கிருஷ்ணா ரெட்டியின் அச்சோவியம் ஒன்றைக் கண்காட்சியில் பார்த்தேன். நீலமும் ஆரஞ்சும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. ஆனால் ஒரே தகடு, ஒரே தடவைதான் அச்சிட்டது என்கிறார்கள். அது எப்படி?”

அவருடைய ஆச்சரியம் நியாயமானது. சிவகாசி காலண்டரில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடுகள். ஜப்பானிய மரக்கட்டை அச்சில் நிறத்துக்கு ஒரு கட்டை. ஒரு தகட்டில் ஒரு நிறம் என்பதுதான் அச்சின் பழைய வழக்கம். அதை மாற்றியவர்களில் ஒருவர் ரெட்டி.

சித்தூர் பக்கத்தில் 1925இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். அப்புறம் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். நாற்பதுகளின் இறுதியில் லண்டன், அங்கிருந்து பாரிஸ். மனதளவில் அவர் சிற்பி; பாரிசில் ஸாட்கின் என்ற சிற்பியிடம் பயின்றவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அச்சுத் தகட்டையும் அவர் சிற்பமாகத்தான் பார்த்தார். மற்றவர்கள் தகட்டில் கோடு கீறினார்கள். அவர் அமிலத்தால் அரித்தும் உளியால் செதுக்கியும், மேடு, சரிவு, பள்ளம் என்று தகட்டுக்குள் ஒரு நிலப்பரப்பையே உண்டாக்கினார்.

பாரிசில் அவர் சேர்ந்த அச்சுப் பட்டறை ‘அத்தெலியே 17’. அதை நடத்திய ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டர் ஓவியராவதற்கு முன் வேதியியல் படித்தவர். இருபதுகளில் ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய் கம்பெனிக்காக ஈரானின் அபாதானில் வேலை பார்த்தவர். ஐம்பதுகளில் அந்தப் பட்டறையில் ரெட்டியும், பம்பாயிலிருந்து வந்த கைகோ மோதியும் மைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரே தகட்டில் பல நிறங்களை அச்சிடும் இந்த முறை பிறந்தது. எண்ணெய்க் கம்பெனியில் இருந்தவரின் பட்டறையில் எண்ணெயின் குணம் ஒன்று கலையாக மாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

பள்ளியில் படித்த பாகுநிலையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு திரவம் ஓடத் தயங்கும் அளவு அது. விளக்கெண்ணெயின் பாகுநிலை தண்ணீரைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அச்சு மையில் ஆளிவிதை எண்ணெயைக் கூட்டினால் மை இளகும், குறைத்தால் கெட்டியாகும்.

இப்போது தகட்டுக்கு வருவோம். முதலில் கீறல்களுக்குள் மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். அடுத்து, எண்ணெய் கூட்டி இளக்கிய மையைக் கெட்டியான உருளையில் எடுத்து உருட்டுவார்கள். கெட்டி உருளை வளைந்து கொடுக்காது. மேடுகளை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். அதன்பின் மெத்தென்ற ரப்பர் உருளையில், எண்ணெய் குறைந்த கெட்டி மை. இது அழுந்திப் பள்ளங்களுக்குள்ளும் இறங்கும். ஆனால் இறங்குகிற வழியில் மேடுகளையும் தொடுமே? அங்கே ஏற்கெனவே இருக்கும் நிறம் கெட்டுப்போக வேண்டாமா?

கெடுவதில்லை. இந்த முறையின் அழகே இதுதான்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நமக்குத் தெரியும். காலண்டர் அச்சடிக்கும் ஆஃப்செட் முறை அதை நம்பித்தான் ஓடுகிறது. இங்கே இரண்டு மையுமே எண்ணெய். ஒரு கிண்ணத்தில் போட்டுக் கலக்கினால் ஒழுங்காகக் கலந்துவிடும். அப்படியிருக்க, தகட்டில் ஒன்று மற்றதை எப்படி விரட்டுகிறது?

பதில், உருளை தகட்டைவிட்டு விலகும் கணத்தில் இருக்கிறது. அப்போது நடுவில் இருக்கும் மைப் படலம் எங்கேயாவது பிளந்தாக வேண்டும். எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். உலர்ந்த பள்ளத்தில் கெட்டி மை உலோகத்தையும் பிடித்துக்கொள்கிறது, ரப்பரையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே மையே நடுவில் பிளந்து, ஒரு பங்கு தகட்டில் தங்கிவிடுகிறது. மேட்டிலோ, கெட்டி மைக்கு அடியில் இளகிய மை இருக்கிறது. பலவீனமான படலம் அதுதான். அதுதான் பிளக்கும். கெட்டி மை வந்த மாதிரியே உருளையோடு திரும்பிப் போய்விடும். மேட்டில் பழைய நிறம் அப்படியே நிற்கும். ‘விலக்குகிறது’ என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அங்கே விலக்கு விசை ஏதும் இல்லை.

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் கெட்டி மை, அதன்மேல் இளகிய மை. இப்போதும் பிளப்பது இளகியதுதான். ஆனால் இந்த முறை அது மேலே இருப்பதால், பிளந்ததில் ஒரு பங்கு கெட்டி மையின் மேலேயே தங்கிவிடும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து புது நிறம் தரும். ஈரமாக இருக்கும்போதே நிறத்தின்மேல் நிறம் அடிக்கும் ஆஃப்செட் எந்திரத்தில், முதல் நிறத்துக்கு அதிகப் பிசுபிசுப்புள்ள மையை வைப்பது இதற்காகத்தான். அங்கே படிய வேண்டும், இங்கே படியக் கூடாது. விதி ஒன்றுதான்.

ஒரு சங்கதி உண்டு. மேட்டில் பிளக்கும் இளகிய மையில் கொஞ்சம் மெத்து உருளையின் மேல் ஏறிக்கொள்ளும். தகட்டின் உருவமே உருளையில் மங்கலாகத் தெரியும். இரண்டாவது சுற்று போனால் அந்த உருவம் தவறான இடத்தில் பதிந்துவிடும். அதனால் ஒரே சுற்றில் தகடு முழுவதையும் கடக்கும்படி பருத்த உருளையாக வைத்துக்கொள்வார்கள். கடைசியில் ஈரக் காகிதத்தை வைத்து, கம்பளி போர்த்தி, ஒரே அழுத்து. காகிதம் பள்ளங்கள்வரை இறங்கி எல்லா நிறங்களையும் ஒருசேர எடுத்து வந்துவிடும்.

வீட்டில் செய்து பார்க்கலாம், நான் செய்தேன். எவர்சில்வர் தட்டின் பாதியில் தையல் மிஷின் எண்ணெயை மெல்லத் தடவினேன். கட்டைவிரலில் சைக்கிள் கிரீஸை எடுத்து இரண்டு பாதியிலும் ஒற்றினேன். உலர்ந்த பாதியில் ரேகையோடு பதிந்தது. எண்ணெய்ப் பாதியில் ஒரு மங்கல் கறை மட்டும். கிரீஸ் விரலிலேயே இருந்தது.

சூடு ஏறினால் பாகுநிலை இறங்கும். பாரிஸ் குளிரில் சரியாக வந்த கலவை சென்னையில் மே மாதம் குழம்பிப்போகும். இதைக் கைராசி என்று சொல்லிக் கடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கைக்கு ராசி இல்லாமல் போகவில்லை. சூட்டில் மை இளகிவிட்டது. கவின்கலைக் கல்லூரிப் பட்டறைக்கு ஒரு பாகுநிலைமானி வாங்கிக் கொடுக்கப் பெரிய நிதி வேண்டியதில்லை. பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தைத் திறந்துவிட்டாலே போதும். கலைக்கு ஒரு கதவு, அறிவியலுக்கு ஒரு கதவு என்று பூட்டி வைத்திருந்தால் ஹெய்ட்டரின் பட்டறையில் இது நடந்திருக்காது.

ரெட்டி இந்த விதியைக் கொண்டு என்னென்ன செய்தார் என்பதை அவருடைய படங்களில் பார்க்கலாம். 1963இன் ‘நீர்ச்சுழல்’ படத்தில் சுழலின் சரிவுகளே நிறங்களைப் பிரித்துக் கொடுக்கின்றன. 1968இல் பாரிஸ் மாணவர் போராட்டத்தைக் கண்டு ‘ஆர்ப்பாட்டக்காரர்கள்’ செய்தார். எண்பதுகளில் வந்த ‘பெரிய கோமாளி’க்கு ஒரே தகடு, மையையும் வரிசையையும் மாற்றி மாற்றி வெவ்வேறு நிறங்களில் அச்சிட்டார். 2018இல் நியூயார்க்கில் காலமானார்.

அடுத்த முறை அவர் படத்தைப் பார்க்க வாய்த்தால், நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். காகிதம் தகட்டின் மேடு பள்ளத்தைத் தலைகீழாக வாங்கியிருக்கும். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் கோடு இருக்காது, ஒரு சரிவு இருக்கும். அந்தச் சரிவில் பொடிப்பொடியாக இரண்டு நிறமும் கலந்து கிடக்கும். மெத்து உருளை எதுவரை இறங்கியது என்பது அங்கே தெரியும்.