திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் பொது மருத்துவராக 14 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என் மாலைக் கூட்டம் ஆறு மணிக்கு மேல்தான் சேரும். ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப்புகள் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கும். கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளப் பக்கத்து வண்டன்மேடு, ஆனக்கரை, புளியன்மலை, நெடுங்கண்டம் என்று விடியும் முன்னே ஏறிப்போன பெண்கள், உடம்புக்கு முடியாத அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். மடியில் ஒயர் கூடை, அதற்குள் கழுவாத தூக்குவாளி, ஓரத்தில் சொருகின ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முதல் சில வருஷங்கள் நான் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது பிரஷர் பார்க்கும் முன்பே என் கண் அங்கேதான் போகிறது. முக்கால்வாசிப் பேருக்குப் பாட்டிலில் முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறது.

ஒரு ஆடி மாத மழையில் 38 வயது அக்கா ஒருவர் நடுங்கிக்கொண்டே வந்தார். குளிர்காய்ச்சல், வாந்தி. மழைக்காலம், மலைக்காடு, எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்றுதான் எனக்கும் முதலில் ஓடியது. முதுகுப் பக்கம் விலாவுக்குக் கீழே கையை வைத்து லேசாகத் தட்டினேன், துள்ளிவிட்டார். சிறுநீரகத்தில் கிருமித்தொற்று. ஒரு வாரமாகவே ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் இருந்திருக்கிறது, சூடு என்று நினைத்துத் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். மருந்தெல்லாம் எழுதிவிட்டு வழக்கமான பாட்டைப் பாடினேன்: "நல்லாத் தண்ணி குடிக்கணும்க்கா, அடக்கி வைக்கக் கூடாது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "குடிச்சா எங்க டாக்டரம்மா போறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதுவரை ஆயிரம் பேருக்காவது அந்த அறிவுரையைச் சொல்லியிருப்பேன், ஒருவரிடமாவது அவர் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து, ஐந்தே காலுக்கு ஜீப். வழியில் ஒன்றுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் ஒரு டம்ளர் காப்பியோடு சரி. மலையேறி இறங்க ஆறரை, ஏழு. பிறகு மதியச் சோறு வரைக்கும் ஏலச்செடியின் தூரில் குந்தி உட்கார்ந்து சரத்தில் இருக்கிற காயைப் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். மேலே போக மறைவு இல்லை. இருக்கிற மறைவில் அட்டைப்பூச்சி. இடுப்பைச் சுற்றிக் கட்டின பிளாஸ்டிக் தாளை அவிழ்த்துக் கட்டவே ஐந்து நிமிஷம் ஆகும், அதற்குள் பக்கத்து ஆள் முன்னே போய்விடுவாள், கங்காணி சத்தம் போடுவார். கடைசியில் வீட்டுக்கு வந்துதான். காலை ஐந்து மணிக்குப் போனவர் அடுத்து சாயந்திரம் ஆறு மணிக்கு, 13 மணி நேரம். மாதவிலக்கு நாட்களைப் பற்றிக் கேட்டபோது அவர் பேச்சை மாற்றிவிட்டார், நானும் விட்டுவிட்டேன். காலையில் வைத்த துணியோ நாப்கினோ அப்படியே சாயந்திரம் வரை இருக்கிறது என்பது அப்புறம் வேறு பெண்கள் சொல்லித்தான் தெரியும்.

மலையில் இன்னொரு சிக்கல், தாகமே எடுக்காது. நம் பள்ளத்தாக்கில் வெயில் மண்டையைப் பிளக்கும், தானாகவே சொம்பைத் தேடுவோம். அங்கே மூடுபனியும் சாரலும் இருக்கும்போது உடம்பு கேட்பதில்லை, ஆனால் வேலை செய்கிற உடம்பிலிருந்து வேர்வையாகவும் மூச்சாகவும் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடித்த நாளிலிருந்து அந்த மலையின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் இது. அதே மலைக்கு ஏறிப்போகிற நம் பெண்கள் அங்கே ஒரு மடக்குக் குடிக்கப் பயப்படுகிறார்கள்.

பெண்களுக்குச் சிறுநீர் வெளியே வரும் பாதை 4 சென்டிமீட்டர்தான் இருக்கும். பெரும்பாலும் நம் குடலிலேயே இருக்கிற ஈ. கோலை என்ற கிருமி அந்தக் குட்டைப் பாதையில் சுலபமாக ஏறிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். அடிக்கடி போகிறவர்களுக்கு அது நீரோடு அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். 13 மணி நேரம் தேங்கி நிற்கிற இடத்தில் என்ன நடக்கும்? ஏற்ற சூழல் கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகுகிற கிருமி அது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சுலபம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இதைக் கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவம் வரைக்கும் கொண்டுபோய்விடும்.

நீர்க்கடுப்பு வந்தால் இளநீர், பார்லி, மோர் குடிப்பதில் தப்பே இல்லை, எல்லாமே தண்ணீர்தானே. விளக்கெண்ணெயும் வைத்துக்கொள்ளுங்கள், என்னோடு சண்டை வராது. ஒரே நாள்தான் பொறுக்கலாம். அடுத்த நாளும் எரிந்தால் சிறுநீர்ப் பரிசோதனை. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகு விலாப்பக்க வலி, நீரில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும், ஒரு நாள் கூலியைப் பார்க்காதீர்கள். இரண்டு மாத்திரையில் எரிச்சல் நின்றுவிட்டது என்று மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கிற பழக்கமும் வேண்டாம். தப்பித்த கிருமி அடுத்த தடவை அதே மருந்துக்குச் செத்துப்போகாது.

சரி, இது பாதிக் கதை. மீதிப் பாதிதான் என்னை ராத்திரி தூங்க விடாதது.

நாள் முழுக்கக் குந்தியிருக்கிற இடுப்பு வலிக்காமல் இருக்குமா? ஜீப்பிலிருந்து இறங்கினதும் மருந்துக்கடையில் நின்று "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்கண்ணே" என்று கேட்டால், மூன்று நாலு மாத்திரையைக் கத்தரியால் வெட்டி ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வெட்டின துண்டில் பேரும் இருக்காது, தேதியும் இருக்காது. பெரும்பாலும் டைக்ளோபினாக் அல்லது அசெக்ளோபினாக் என்ற ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்றெரிச்சல் மாத்திரை, சில நேரம் ஒரு குட்டி ஸ்டீராய்டு. அந்தக் குட்டிதான் மறுநாள் காலையில் பறக்கிற மாதிரி தெம்பு தருகிறது. முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் எலும்பு தேய்வதும் பிறகு வரும். வருஷக்கணக்கில் செட் போட்டவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், ஸ்டீராய்டு இருந்திருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. கவரோடு டாக்டரிடம் வாருங்கள்.

வலி மாத்திரைக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் வாய்க்காலை வைத்துத்தான் சொல்வேன், இங்கே எல்லாருக்கும் மதகு தெரியும். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழைகிற இடத்தில் ஒரு மதகு மாதிரி இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால், அதாவது நீங்கள் நாள் முழுக்கக் குடிக்காமல் இருந்தால், உடம்பே அந்த மதகை அகலத் திறந்துவிட்டு உள்ளே பாய்ச்சல் குறையாமல் பார்த்துக்கொள்ளும். அப்படித் திறக்கச் சொல்லும் பொருளைத்தான் வலி மாத்திரை அடக்குகிறது. வாய்க்காலிலும் தண்ணீர் இல்லை, மதகும் அடைத்தாயிற்று, வயல் என்ன ஆகும்? இதோடு எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் மாதிரியான பிரஷர் மாத்திரையும், நீர் போவதற்கான மாத்திரையும் சேர்ந்தால் மூன்று பக்கமும் அடி.

பாறு கழுகுக் கதையையும் சொல்வேன். 1990களில் நம் நாட்டில் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தே போயின. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசிதான் காரணம் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். செத்த மாட்டைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் செயலிழந்து போயிருக்கிறது. 2006இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள், 2023இல் அசெக்ளோபினாக்கையும் சேர்த்தார்கள். "அப்ப நாங்க கழுகா டாக்டரம்மா?" என்று ஒரு ஆத்தா கேட்டு வரிசையே சிரித்தது. இல்லைதான். மனுசச் சிறுநீரகம் அவ்வளவு சீக்கிரம் படுத்துவிடாது, எப்போதாவது ஒருநாள் டாக்டர் சொல்லிப் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தண்ணீர் இல்லாத உடம்பில், வாரத்துக்கு நாலு செட், வருஷக்கணக்கில் என்றால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது.

எல்லை என்றதும் ஞாபகம் வருகிறது, நம் ஊருக்கே உரிய ஒரு வம்பு இது. மேலே வேலை நேரத்தில் முடியாமல் போனால் அங்கேயே ஒரு டாக்டர், ஊருக்கு வந்தபின் நாங்கள். மேலே மலையாளத்தில் "மூத்திரத்தில் பழுப்பு" (அங்கே பழுப்பு என்றால் நிறமில்லை, கிருமித்தொற்று) என்று சொல்லி எழுதின சீட்டு, கீழே நான் எழுதின சீட்டு. இரண்டிலும் மாத்திரையின் கம்பெனிப் பேர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்று. ஒரு அக்கா இரண்டு அட்டையையும் காலை மாலை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு தலைசுற்றி விழுந்தார், ஒரே பிரஷர் மருந்து இரண்டு மடங்கு. எங்கே போனாலும் பழைய அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல திட்டம்தான். ஆனால் அந்த நேரத்தில் இவர்கள் மலையில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டிலோ மாமியாரிடமோ சொல்லிவையுங்கள்.

அப்புறம் என்னதான் செய்வது? நான் யோசித்துக் கண்டுபிடித்தது குறைவு, அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதுதான் அதிகம். எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர். நாலு மணிக்கே குடித்துவிட்டால், ஜீப் வருவதற்குள் இரண்டு தடவை போய்விடலாம், வழியில் தொல்லை இல்லை. தோட்டத்தில் பத்து மணிக்குக் கட்டன் சாயா (பால் விடாத டீ) வரும்போது கூடவே கால் பாட்டில், சோற்று நேரத்தில் கால், மூன்று மணிக்குக் கால். ஒரேயடியாகக் குடித்தால்தான் அவசரமாக வரும், பிரித்துக் குடித்தால் அவ்வளவு நெருக்காது. நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள், பிரஷர் இல்லாதவர்களுக்கு அது நல்லது. நிறம் பாருங்கள்: வைக்கோல் நிறத்தில் போனால் போதும், கட்டன் சாயா மாதிரி போனால் பாட்டில் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ ஏற்கெனவே இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

போவதற்கு: தனியாகப் போகாதீர்கள். நாலு பேர் சேர்ந்து, ஒரு பழைய சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில். இது வயசான ஆத்தாமார்கள் முன்னே செய்துவந்த முறைதான். நாலு பேர் சேர்ந்து எழுந்தால் யாரும் பின்தங்குவதும் இல்லை. அட்டைப்பூச்சிக்குக் கையில் உப்பு முடிச்சு. இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு கழிப்பறை கட்டிவைக்க முடியாதா என்று. 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே குடிதண்ணீரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடமும் முதலாளியின் பொறுப்பு என்று எழுதிவிட்டார்கள், ஏலத்தோட்டமும் அந்தச் சட்டத்துக்குள்தான் இருந்தது. சின்னத் தோட்டங்கள் கணக்கில் வராமல் போய்விட்டன, பெரிய தோட்டங்களில் கட்டினதும் கூட காய் எடுக்கிற இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கேட்காமல் கிடைக்காது. ஒருத்தி கேட்டால் மறுநாள் வேலை இல்லை என்பார்கள், ஒரு ஜீப்பே கேட்டால் அப்படிச் சொல்வது கஷ்டம்.

இதைப் படிக்கிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவோ மனைவியோ சாயந்திரம் வந்ததும் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் கேளுங்கள். ஜீப் ஓட்டுகிற தம்பிமார்கள், கழிப்பறை உள்ள ஏதாவது ஒரு கடையருகே பத்து நிமிஷம் நிறுத்தினால் வண்டி தேய்ந்துவிடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அக்காவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அப்படி நிறுத்துகிறார்.

40 தாண்டினவர்கள், செட் போட்டுப் பழகினவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர், சர்க்கரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு, அது கெட்டால் ஏறும்). கிரியாட்டினின் பெண்களுக்குச் சுமாராக 0.6இலிருந்து 1.1 வரை இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுப் பாருங்கள். சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் வலிக்காது, வீக்கமும் கடைசியில்தான் தெரியும், அதனால் உடம்பு சொல்லும் என்று காத்திருக்க முடியாது. இடுப்பு வலிக்கு அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நின்று, இடுப்பில் கையை ஊன்றிப் பின்னால் வளையுங்கள். ராத்திரி வெந்நீர் ஒத்தடம். தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால், அதுவும் அளவோடு.

47 வயதில் ஒரு சின்னம்மா வந்தபோது கிரியாட்டினின் 2.8 இருந்தது. ஏழெட்டு வருஷமாகச் செட். கவரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் குறைத்து நிறுத்தி, தண்ணீருக்கு அளவு சொல்லி, மூன்று மாதத்தில் 1.7க்கு வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை, இனி இறங்கவும் இறங்காது. மலைக்குப் போவதை நிறுத்தச் சொன்னேன், மகள் நர்சிங் படிக்கிறாள் டாக்டரம்மா என்றார். போன வாரம் பரிசோதனைக்கு வந்தபோது நான் கேட்கும் முன்பே கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர் இருந்தது. "இது ஜீப்புல குடிக்க வச்சிருந்தேன், மறந்துட்டேன்" என்று சொல்லி, அங்கேயே மூடியைத் திறந்து குடித்தார்.