“காற்று பிரிந்ததா?”: புற்றுநோய் அறுவைக்குப் பின் உடல் தேறும் விதம்

மதுரையில் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் சரி, பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து படுத்திருப்பவரிடம் காலை ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “காற்று பிரிந்ததா?” வயிற்றைத் திறந்து, கட்டியோடு சேர்த்து ஓர் அடி அளவுக்குக் குடலை எடுத்துவிட்டு, மீதி இரண்டு முனைகளையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் நடந்த அந்த வேலை பலித்ததா என்பதை, நாலு பேர் நடுவில் நாம் அடக்கிக்கொள்ளும் ஒரு சின்னச் சத்தம் சொல்லிவிடுகிறது. அந்தச் சத்தத்துக்காக ஒரு குடும்பமே காத்திருந்து, வந்ததும் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கை மட்டும் இல்லை என்று தெரியும். இதன் பின்னால் இருக்கும் உடலியல் அபாரமானது.

குடலுக்கென்று தனியாக ஒரு நரம்பு வலை இருக்கிறது. உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை, குடல் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் பரவியிருக்கின்றன. பின்னால் சுருக்கு, முன்னால் தளர்த்து என்று உணவைத் தள்ளிக்கொண்டே போகும் வேலையை மூளையைக் கேட்காமலே இவை செய்கின்றன. ஆனால் அறுவையின்போது இந்த வலை வேலையை நிறுத்திவிடுகிறது. காரணம் ஒன்றல்ல. வயிற்றைக் கீறியதும், ஆபத்து நேரத்தில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் விழித்து, “செரிமானம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று குடலை அடக்குகின்றன. அடுத்ததாக, அறுவை மருத்துவரின் கை பட்டுப் புரட்டப்பட்ட குடலின் தசையடுக்கில் குடியிருக்கும் நோய் எதிர்ப்பணுக்கள் கிளர்ந்தெழுந்து நைட்ரிக் ஆக்சைடு முதலான பொருள்களைச் சுரக்கின்றன. அவை தசையைத் தளர்த்திப் போட்டுவிடுகின்றன. போதாக்குறைக்கு, வலிக்குக் கொடுக்கும் மார்பின் வகை மருந்துகள் மூளையில் ஒட்டிக்கொள்ளும் அதே வகை ஏற்பிகள் குடல் நரம்புகளிலும் இருப்பதால், வலியோடு சேர்ந்து குடலும் அடங்கிப்போகிறது.

விழித்தெழுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள். பெருங்குடல்தான் கடைசி, அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். காற்று பிரிந்தது என்றால், கடைசியாகத் தூங்கி எழ வேண்டியவரும் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். மருத்துவர் கேட்பது அதைத்தான்.

முன்பெல்லாம் அந்த அறிகுறி வரும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். மூக்கில் குழாய், கையில் சலைன், படுத்த படுக்கை. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கேலெட் என்ற அறுவை மருத்துவர் 1990களில் இந்தப் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேள்விக்கு உட்படுத்தினார். குழாயைச் சீக்கிரம் எடுத்து, மார்பினைக் குறைத்து, வேறு வழிகளில் வலியை அடக்கி, விரைவிலேயே குடிக்கக் கொடுத்து, எழுப்பி நடக்கவைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். நோயாளிகள் முன்னைவிட விரைவாகத் தேறினார்கள். இன்று உலகெங்கும் குடல் அறுவைக்குப் பின்பற்றப்படும் விரைவுத் தேறல் முறைக்கு அதுதான் வித்து. அறுவைக்கு மறுநாளே செவிலியர் வந்து “எழுந்து உட்காருங்கள் ஐயா” என்று சொன்னால், அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று கோபிக்காதீர்கள். அவர் கையில் இருப்பது நல்ல அறிவியல்.

இந்த ஆராய்ச்சியில் என் மனதுக்குப் பிடித்த பகுதி சூயிங்கம்மும் காபியும். 2002இல் ஜப்பானில் ஒரு சிறு ஆய்வில், குடல் அறுவை முடிந்தவர்களை சூயிங்கம் மெல்லவைத்தார்கள். உணவு வருகிறது என்று வாய் சொல்வதை மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பு நம்பிக்கொண்டு, குடலுக்குச் சேதி அனுப்பிவிடுகிறது. மென்றவர்களுக்குக் காற்று முன்னதாகப் பிரிந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு பலனைக் காட்டவில்லை என்றாலும், செலவும் கெடுதலும் குறைவு என்பதால் இந்த யோசனை நிலைத்துவிட்டது. 2012இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், ஒரு குழுவுக்குக் காபியும் இன்னொரு குழுவுக்கு வெந்நீரும் கொடுத்துப் பார்த்தார்கள். காபி குடித்தவர்களுக்கு மலம் கழிவது பல மணி நேரம் முந்திக்கொண்டது. காலையில் காபி இறங்கினால்தான் மற்றதெல்லாம் நடக்கும் என்று சொல்லும் மதுரைக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. ஆனால் மருத்துவர் சம்மதம் சொன்ன பிறகே டம்ளரைத் தொட வேண்டும்.

மேலூர்ப் பக்கத்து விவசாயியான என் பெரியப்பா மதுரையில் இதே அறுவைக்குப் படுத்திருந்தபோது, காற்று பிரிந்த காலையில் மருத்துவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெரியப்பா மிகுந்த கௌரவத்தோடு, “வைகை அணையைத் திறந்துவிட்டார்கள் டாக்டர், இனிமேல் கடைமடை வரைக்கும் கவலையில்லை” என்றார். வார்டு முழுவதும் சிரித்தது. சிரிக்கவைத்தவர் மட்டும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “என்னைச் சிரிக்கவைக்காதீர்கள்” என்று கெஞ்சினார்.

அந்தத் தலையணை தற்செயலாக அவர் கைக்கு வந்ததில்லை. சிரிப்பு என்பது வயிற்றுத் தசைகள் விட்டுவிட்டுச் சுருங்கி, உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரல் காற்றைத் துண்டு துண்டாக வெளியேற்றும் செயல். நடுவயிற்றில் நெடுக வெட்டுப்பட்டவருக்கு ஒவ்வொரு துண்டும் வலிக்கும். தலையணையை இறுக்கிப் பிடித்தால் வெட்டின் இரு ஓரங்களும் அதிகம் அசையாமல் வலி குறைகிறது. இருமும்போதும் தும்மும்போதும் இதே உபாயம்தான். “சிரித்தால் தையல் பிரிந்துவிடுமோ” என்று பலர் பயப்படுகிறார்கள். இருமலின் அழுத்தத்தையும் தாங்கும்படிதான் உள்தையல் போடப்படுகிறது. வயிற்றுச் சுவரின் உறுதியான நார்ப்படலத்தை, பல வாரங்கள் தாங்கிப் பிடித்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் கரையும் நூலால் தைக்கிறார்கள். சிரிப்புக்கு அது பிரியாது. ஆனால் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது வேறு விஷயம். மூன்று வாரத்தில் காயத்தின் வலு பழைய வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதத்தில் எண்பது சதவீதம் வரை ஏறும். முழுதாக ஒருபோதும் திரும்புவதில்லை. அவசரத்தில் பின்னிய கொலாஜன் என்ற நாரை உடல் பொறுமையாகப் பிரித்து, இன்னும் உறுதியான வகையால் மறுபடி பின்னுவதற்கு அத்தனை காலம் பிடிக்கிறது. ஆகவே குறைந்தது ஆறு வாரத்துக்குக் குடத்தை வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும்.

சிரிப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. மயக்க மருந்தின்போதும் அதன் பின் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடும்போதும், நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அங்கே சளி தேங்கினால் நிமோனியா வரலாம். படுக்கையோரம் இருக்கும் மூன்று பந்துப் பிளாஸ்டிக் கருவி இதற்காகத்தான். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நொடிக்கு 600 மில்லி வேகத்தில் இழுத்தால் முதல் பந்து எழும், 900இல் இரண்டாவது, 1200இல் மூன்றாவது. பேரப்பிள்ளைகளோடு போட்டி போட்டு இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவ ரீதியாகவே அது சரியான காரியம். வாய்விட்டுச் சிரித்து முடித்த பிறகும் உடல் தானாக ஓர் ஆழ்ந்த மூச்சை இழுக்கிறது. பந்தும் அதைத்தான் கேட்கிறது.

வலியைப் பொறுத்தவரை, ஆக்ஸ்போர்டின் ராபின் டன்பார் குழு 2011இல் ஒரு சோதனையை வெளியிட்டது. சேர்ந்து சிரித்தவர்களால், சிரிக்காதவர்களைவிட அதிக வலியைத் தாங்க முடிந்தது. 2017இல் பின்லாந்தின் துர்கு நகரில் நண்பர்களோடு நகைச்சுவை பார்த்துச் சிரித்தவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது, உடலே சுரக்கும் மார்பின் போன்ற பொருள்கள் வெளிப்படுவது தெரிந்தது. இரண்டும் ஆரோக்கியமானவர்களிடம் செய்யப்பட்டவை. அறுவை வலிக்கு மருந்து வேண்டும். சிரிப்பு அதன் பக்கத்தில் ஒரு துணை, அவ்வளவே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். “மனதைத் தைரியமாக வைத்துக்கொள், புற்றுநோய் ஓடிவிடும்” என்று பார்க்க வருபவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் ஜேம்ஸ் கோயன் குழு 2007இல், தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்தபோது, மனநிலைக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. அழுதுகொண்டிருப்பவரின் நோய் அவர் அழுகையால் திரும்பி வருவதில்லை. சிரிக்க முடியாத நாளில் நோயாளியைச் சிரிக்கச் சொல்வது, நோயோடு பழியையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றுவதாகும். கட்டியை அழிக்கும் வேலை கத்திக்கும் மருந்துக்கும் உரியது. சிரிப்பும் துணையும் உதவுவது தேறும் வேலைக்கு.

அந்த உதவிக்குச் சான்று உண்டு. 1995இல் அமெரிக்காவின் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர், மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரித்துக் களைத்திருந்த பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் காயம் ஒன்றை ஏற்படுத்தி, அது ஆறுவதைக் கவனித்தார். அப்படிப்பட்ட சுமை இல்லாத பெண்களைவிட அவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. நெடுநாள் மன அழுத்தம் கார்டிசால் என்ற ஹார்மோனை உயர்த்துகிறது. காயத்துக்கு முதலில் ஓடிவர வேண்டிய எதிர்ப்பணுக்களைக் கார்டிசால் தாமதப்படுத்துகிறது. இந்த ஆய்வு நோயாளியைவிட, அவர் காலடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் துணையாளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. அவரையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இன்னும் வலுவாக இருக்கிறது: பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்பது. சீழ் பிடிப்பது பாக்டீரியாவால், பருப்பால் இல்லை. காயத்தைப் பின்னும் கொலாஜன் ஒரு புரதம். பத்தியம் என்று சொல்லிக் கஞ்சியும் ரசமும் மட்டுமே கொடுத்தால் பின்னுவதற்கு நூல் கிடைக்காது. கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது புற்றுநோயாளிகளுக்கான பொதுப் பரிந்துரை. அறுபது கிலோ மனிதருக்கு 72 முதல் 90 கிராம். குடல் ஒத்துக்கொள்ளத் தொடங்கியதும் இட்லியோடு முட்டை, மீன், பாசிப்பருப்பு, தயிர் என்று ஏற்றிக்கொண்டு போகலாம். கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று முறுகி நிற்க வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் தாராளமாக இருக்கிறது. சாயங்காலம் தெருமுனையில் கொதிக்கும் ஆட்டுக்கால் சூப் நேராகப் போய்க் காயத்தில் ஒட்டிக்கொள்ளாது. குடல் அதை அமினோ அமிலங்களாக உடைத்த பிறகுதான் எடுத்துக்கொள்ளும். பிடித்தால் குடியுங்கள், ஆனால் முட்டையை விட்டுவிடாதீர்கள்.

வீடு திரும்பியபின் நடை. புற்றுநோயே இரத்தத்தை எளிதில் உறையவைக்கும். அறுவையும் படுக்கையும் அதைக் கூட்டும். கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, சிரைகளில் தேங்கும் இரத்தத்தை மேலே ஏற்றுகின்றன. வயிற்றுத் தோலில் நான்கு வாரம் வரை போடச்சொல்லும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியும் இதே ஆபத்துக்காகத்தான். வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று அதை நிறுத்திவிடக் கூடாது. முதலில் கூடத்துக்குள், பிறகு வாசல்வரை, பிறகு தெருமுனை. நகருக்குள் இருப்பவர்களுக்கு வண்டி நுழையாத சித்திரை வீதிகள் ஒரு வரம். கோயில் மதிலை ஒட்டி விடிகாலையில் நிதானமாக நடக்கலாம், மூச்சு வாங்கினால் உட்காரலாம். தெப்பக்குளத்தைச் சுற்றி வர இன்னும் சில வாரம் பொறுக்கட்டும்.

நன்றியைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும், வாரந்தோறும் நன்றிக்குரிய சிலவற்றை எழுதிவைத்தவர்கள், எரிச்சல்களை எழுதியவர்களைவிட மனநிறைவாகவும் உடல் உபாதைகள் குறைவாகவும் உணர்ந்ததைக் கண்டார்கள். உணர்ந்தது என்பதைக் கவனியுங்கள். அதற்கு மேல் அந்த ஆய்வை இழுக்கக் கூடாது. எழுத உட்கார்ந்தால், பெயர் தெரியாதவர்களே பக்கத்தை நிறைத்துவிடுவார்கள். இரத்தம் கொடுத்துவிட்டுப் போன யாரோ ஒருவர். விடியுமுன் படுக்கையை மாற்றிய பணியாளர். கையில் காசில்லாத குடும்பத்துக்கு அறுவையைச் சாத்தியமாக்கிய முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்.

நோயாளி கடைசிவரை முகம் பார்க்காத இன்னொருவர் நோய்க்குறியியல் மருத்துவர். எடுத்த குடலோடு ஒட்டிவந்த கொழுப்பைத் தடவித் தடவி, பயறளவு நிணநீர் முடிச்சுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்க்கிறார். குறைந்தது 12 முடிச்சுகளாவது பார்த்தால்தான் முடிவை நம்பலாம். ஒன்றிலாவது புற்றணு இருந்தால் நோய் மூன்றாம் நிலை, கீமோதெரபி தேவைப்படும். அதை அறுவையிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது, ஆனால் உடல் தேறாமல் தொடங்க முடியாது. மூன்று பந்தும், முட்டையும், சித்திரை வீதி நடையும் அந்த எட்டு வாரத்துக்குள் நடந்தாக வேண்டிய வேலைகள்.